1878-க்குச் சாதாரண அச்சே கிடையாது: நான்கு 20 சென்ட் ப்ரூஃப் நாணயங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அமெரிக்க 20 சென்ட் வெள்ளி நாணயத்தின் நான்கு ப்ரூஃப் ஆண்டுகளையும் சேர்க்க முனைந்தார்: 1875, 1876, 1877, 1878. ப்ரூஃப் என்றால் புழக்கத்துக்கு விடாமல், சேகரிப்பாளர்களுக்கென மெருகிட்டுத் தனியாக அடித்த நாணயம். ஒன்றரை ஆண்டில் நான்கும் கைக்கு வந்தன. 1877 மட்டும் தரச்சான்றோடு ஸ்லாபில், அதாவது தர நிறுவனம் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் கூட்டில், வாங்கியது. மற்ற மூன்றும் வெறும் நாணயமாக வாங்கித் தரநிர்ணயத்துக்கு அனுப்பியவை. அந்த மூன்றில் ஒன்றுதான் குறையில்லாத ப்ரூஃபாகத் திரும்பியது. ஒன்று ப்ரூஃபே இல்லை என்று வந்தது. மூன்றாவது அசல் ப்ரூஃப்தான், ஆனால் ‘துலக்கப்பட்டது’ என்ற சீட்டோடு வந்தது. இடையில் ஒரு போலியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எந்த இடத்தில் எது ஏன் தவறியது என்பதே இந்த ஆய்வு.

மூன்றே ஆண்டு வாழ்ந்த காசு

மலேசியாவில் 20 காசு இல்லாத சட்டைப்பை கிடையாது. ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் காலத்தில் 1871-இல் தொடங்கிய 20 சென்ட், அரசுகள் மாறியும் உலோகம் மாறியும் இன்றுவரை புழங்குகிறது. அமெரிக்காவில் அதே மதிப்புள்ள நாணயம் மூன்று ஆண்டில் மடிந்ததற்குக் காரணம் எளிது: அங்கே 25 சென்ட் ஏற்கெனவே இருந்தது, இங்கே வழக்கமான நாணய வரிசையில் அது இல்லை. 5, 10, 20, 50 என்ற வரிசையில் 20-க்குப் போட்டியாள் யாருமில்லை.

அமெரிக்க மேற்குப் பகுதியில் 1870-களில் செம்பு சென்ட்டையும் நிக்கல் 5 சென்ட்டையும் கடைக்காரர்கள் சீந்துவதில்லை. விலை சொல்வதோ பழைய ஸ்பானிய டாலரின் எட்டில் ஒரு பங்கான ‘பிட்’ கணக்கில், அதாவது பன்னிரண்டரை சென்ட். ஒரு பிட் பொருளுக்கு 25 சென்ட் நீட்டினால் 10 சென்ட்தான் மிச்சம் வரும், இரண்டரை சென்ட் கடைக்காரர் கையில் நிற்கும். நெவாடா செனட்டர் ஜான் பி. ஜோன்ஸ் 20 சென்ட் நாணயத்துக்கு மசோதா கொண்டுவந்தபோது காட்டிய காரணம் இது. நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைப்பதும் அதற்குள் ஒளிந்திருந்த காரணம்தான். 1875 மார்ச் 3 அன்று சட்டமானது, 1878 மே 2 அன்று ரத்தானது.

அளவுகளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்: எடை 5 கிராம், குறுக்களவு 22 மி.மீ., 90 விழுக்காடு வெள்ளி, 10 விழுக்காடு செம்பு, ஓரம் மொழுமொழுப்பானது. அன்றைய கால் டாலர் 6.25 கிராம், 24.3 மி.மீ., ஓரத்தில் பல் உண்டு. முன்பக்கம் இரண்டிலும் அதே அமர்ந்த லிபர்ட்டி உருவம். கைமாறும் அவசரத்தில் மக்கள் குழம்பினார்கள், நாணயம் செத்தது.

மலாயில் ‘ரிங்கிட்’ என்றாலே பல்பல்லாக வெட்டிய விளிம்பு என்று பொருள். ஸ்பானிய வெள்ளி டாலரின் ஓரத்தைப் பார்த்து வந்த பெயர். நாம் அதையே ‘வெள்ளி’ என்கிறோம். ஒரு பெயர் ஓரத்திலிருந்தும் மற்றது உலோகத்திலிருந்தும் பிறந்தவை. இந்த 20 சென்ட்டைச் சோதிக்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியவை அந்த இரண்டும்தான்.

ஆண்டே பாதிச் சோதனை

1875-இலும் 1876-இலும் புழக்கத்துக்காகவும் அடித்தார்கள், சேகரிப்பாளர்களுக்கென ப்ரூஃபும் அடித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 1875-இல் 11,55,000. கார்சன் சிட்டியில் அதே ஆண்டு 1,33,290. 1876-இல் கார்சன் சிட்டி அடித்த 10,000-இல் பெரும்பாலானவை உருக்கப்பட்டு இன்று ஏறத்தாழ இருபதுதான் மிச்சம்; அது தனிக் கதை, இந்தத் தொகுப்புக்கு வேண்டாதது. இந்தத் தொகுப்புக்குரிய ப்ரூஃப் பிலடெல்பியாவில் அடித்தவை, அடித்த ஊரைக் காட்டும் எழுத்துக் குறி கழுகின் கீழே இராது.

1877-லும் 1878-லும் புழக்க அச்சே கிடையாது, ப்ரூஃப் மட்டும்தான். 1878-க்கு 600. 1877-க்கு 510 என்று சில பட்டியல்களும் 350 என்று சிலவும் போடுகின்றன. 510 என்பது அந்த ஆண்டின் ப்ரூஃப் கால் டாலருக்கும் உள்ள எண். சேகரிப்பாளர்களுக்கு விற்ற வெள்ளி ப்ரூஃப் செட் ஒவ்வொன்றிலும் ஒரு 20 சென்ட் இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால் 510 சரியாக வரும். எந்த எண்ணை எடுத்தாலும் நான்கில் அரியது 1877.

இந்த ஒரு விவரம் வாங்குபவரின் கேள்வியையே மாற்றிவிடுகிறது. 1875, 1876-க்கு ‘இது ப்ரூஃபா, ப்ரூஃப் போல மினுங்கும் சாதாரண அச்சா?’ என்று கேட்க வேண்டும். 1877, 1878-க்கு அந்தக் கேள்வியே எழாது. அங்கே ‘அசலா, யாராவது கைவைத்திருக்கிறார்களா?’ என்பவைதான் உண்டு. தேய்ந்து மொட்டையான 1878 கூடப் பிறப்பால் ப்ரூஃப்தான். தரநிர்ணய நிறுவனங்களான பிசிஜிஎஸ் பி.ஆர். என்றும் என்ஜிசி பி.எஃப். என்றும் போட்டு, தேய்மானத்தைக் காட்ட 60-க்குக் கீழே எண் தரும். மறுபுறம், ‘1878’ என்று எழுதிய நாணயத்தில் சாதாரண அச்சுக்குரிய சுழலும் பட்டொளி தெரிந்தாலோ, கழுகின் கீழே குறி எழுத்து இருந்தாலோ மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஆசிரியரிடம் இந்தக் கேள்விகள் இரண்டும் இடம் மாறிப்போயின. 1875-ஐ நம்பி வாங்கினார். 1878-ஐ ‘ப்ரூஃபா’ என்று துருவித் துருவிப் பார்த்தார், மேற்பரப்பைக் கவனிக்கவில்லை.

முதல் நாணயம்: கண்ணாடி போலிருந்த 1875

எடை 4.98 கிராம், 22.0 மி.மீ., ஓரம் மொழுமொழு. அசல் என்பதில் ஐயமில்லை. தளம் முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கியது. விற்றவர் ‘ப்ரூஃப்’ என்றே எழுதியிருந்தார், பொய் சொல்லும் நோக்கத்தோடு எழுதினார் என்று சொல்வதற்கில்லை. புதிதாக மெருகிட்ட அச்சிலிருந்து விழும் முதல் சில நூறு நாணயங்கள் இப்படித்தான் மினுங்கும். அச்சு தேயத் தேய அந்தக் கண்ணாடித்தன்மை மறையும்.

ப்ரூஃப் என்பது மினுக்கம் மட்டுமல்ல. அச்சையும் மெருகிட்டு, வெற்று வில்லையையும் மெருகிட்டு, கூடுதல் அழுத்தத்தில் நிதானமாக அடிப்பது. அதன் தடயங்கள் மினுக்கத்துக்கு வெளியேதான் கிடைக்கும். இந்த நாணயத்தை இருட்டறையில், ஒரே ஒரு மறைப்பில்லாத பல்பின் கீழே, சுமார் 30 செ.மீ. தூரத்தில், விளிம்பைப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தபோது தெரிந்தவை இவை.

விளிம்பு உட்பக்கமாக லேசாகச் சரிந்திருந்தது. ப்ரூஃபில் விளிம்பு தளத்தோடு சேரும் இடமும் வெளியோரத்தோடு சேரும் இடமும் கத்தியால் வெட்டியது போல் சதுரமாக நிற்கும். 13 நட்சத்திரங்களில் வலப்புறம் நான்கைந்தின் நடுக்கோடுகள் தட்டையாக இருந்தன. லிபர்ட்டியின் தலைமுடி மங்கல். கேடயத்தின் பட்டைகளுக்கு இடையே, துணிமடிப்பின் உள்ளே, எழுத்துகளின் வயிற்றுப் பகுதியில் மினுக்கம் இறங்கவில்லை, அங்கெல்லாம் சொரசொரப்பு. ப்ரூஃபில் இந்த இண்டு இடுக்குகளும் மினுங்கும். கடைசியாக, நட்சத்திரங்களின் கூர்முனையிலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை போன்ற உலோக ஓட்டக் கோடுகள் ஓடின. பல அடிகள் வாங்கிய அச்சில்தான் அவை உருவாகும். மெருகிட்ட ப்ரூஃப் அச்சில் அவற்றுக்கு இடமில்லை.

மினுக்கத்தையும் அளக்கலாம். சிறிய எழுத்துள்ள ஒரு சீட்டை நாணயத்தின் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, தளத்தில் தெரியும் பிம்பத்தைப் படித்துக்கொண்டே சீட்டைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். இந்த நாணயத்தில் 5 செ.மீ. தாண்டியதும் எழுத்து கலங்கியது, அதுவும் முன்பக்கத்தில் மட்டும். பின்பக்கத்தில் 2 செ.மீ. கூடத் தாங்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி என்றால் அது ப்ரூஃப் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவுகட்டிவிடலாம்.

முடிவு எம்.எஸ். 62, அதாவது புழங்காத சாதாரண அச்சு. பிலடெல்பியாவின் 1875 சாதாரண அச்சும் நாற்பதாயிரத்துக்குள்தான், மோசமான நாணயமில்லை. ஆனால் தொகுப்பில் அதற்கு இடமில்லை, கொடுத்த விலையும் அதற்குரியதில்லை.

இரண்டாவது: 1876-இன் பச்சைப் பிசுக்கு

இதுதான் பிழைத்த நாணயம், அதுவும் மயிரிழையில். மெத்தென்ற பிவிசி உறையில் வந்தது. லிபர்ட்டியின் மடியிலும் கழுகின் இறகிலும் பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தது. பிவிசி சிதையும்போது வெளியாகும் அமிலம் நாணயத்தின் செம்பைப் பிடிக்கிறது, பச்சை நிறம் அங்கிருந்து வருகிறது. பினாங்கின் ஈரக்காற்றில் இது மெல்ல நடக்காது, ஓட்டமாக ஓடும். விட்டால் தளத்தில் குழி விழுந்துவிடும்.

மருந்து சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அழிப்பானில் எண்ணெயும் நிறமும் கலந்திருக்கும், அது உதவாது. கண்ணாடிக் கிண்ணம்தான் வேண்டும், பிளாஸ்டிக் சில கரைந்து நாணயத்தின் மேலேயே படியும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்போ பூசை விளக்கோ பக்கத்தில் எரியக்கூடாது. முதல் கிண்ணத்தில் 30 நிமிடம், எடுத்துப் புது அசிட்டோனில் 10 நிமிடம், மூன்றாவதில் ஒரு முக்கு. பஞ்சு, துணி, விரல் எதுவும் படக்கூடாது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் உலர்த்தலில் இருக்கிறது. அசிட்டோன் ஆவியாகும்போது நாணயம் சட்டென்று குளிர்கிறது. நம்மூர்க் காற்றில் அந்தக் குளிர்ந்த கண்ணாடித் தளத்தில் உடனே நீர் கோக்கும், நீர் காய்ந்த இடத்தில் வெண்புள்ளி நிற்கும். ஏர்கோன் ஒரு மணி நேரம் ஓடி அறை உலர்ந்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். நாணயத்தை டிஷ்யூவின் மேல் விளிம்பு மட்டும் படும்படி சாய்த்து நிறுத்தினால் மிச்சத் திரவம் ஓரத்தில் வடியும். ஆசிரியர் இதை முறையாகச் செய்தார். பச்சை போனது, நீலமும் பழுப்புமாக இருந்த இயற்கைப் படலம் அப்படியே நின்றது. பி.எஃப். 62 வந்தது.

மூன்றாவது: 1877

சொல்ல அதிகமில்லை. அரியதை ஸ்லாபில் வாங்கியது சரியான முடிவு. போலி ஸ்லாபும் உலவுகிறது என்பதால் சான்றெண்ணைத் தர நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்குள்ள படத்தோடு நாணயத்தின் கறைகளையும் கீறல்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எண் சரியாக இருந்து படம் பொருந்தாத ஸ்லாபுகள் உண்டு. எண்ணை மட்டும் பார்த்துத் திருப்திப்படுபவர்களைக் குறிவைத்துச் செய்பவை அவை.

இடையில் வந்த போலி

1878 தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசிக் குழு ஒன்றில் பாதி விலைக்கு ஒன்று வந்தது. கோலாலம்பூரில் நேரில் பார்த்தார். விற்றவர் காந்தத்தை வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. காந்தம் ஒட்டினால் போலி என்று சொல்லலாம். ஒட்டாததால் அசல் என்று சொல்ல முடியாது, செம்பும் பித்தளையும் செம்பு-நிக்கலும் கூட ஒட்டாது.

எடை 5.6 கிராம். அன்றைய சட்டம் அனுமதித்த ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 0.1 கிராம்தான். ஓரத்தில் பல் இருந்தது, அங்கேயே கதை முடிந்தது. பின்பக்கக் கழுகின் மார்பில் கேடயம் வேறு! அது கால் டாலரின் கழுகு. 20 சென்ட்டின் கழுகு வில்லியம் பார்பர் செய்தது, மார்பில் கேடயம் கிடையாது. ஆசியாவுக்கென்றே அடித்த அமெரிக்க ட்ரேட் டாலரில் இருக்கும் கழுகுக்கு இது நெருங்கிய சொந்தம், அந்த டாலரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாது. இன்னொரு வேறுபாடு: முன்பக்கக் கேடயத்தில் ‘லிபர்ட்டி’ என்ற சொல் 20 சென்ட்டில் மேலெழும்பி நிற்கும், கால் டாலரில் குழிந்திருக்கும்.

இவ்வளவு முட்டாள்தனமான போலிதான் எப்போதும் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. அசல் 1876-இன் 6-ஐ 8 ஆக்குவதும் நடக்கக்கூடியது. எடை, ஓரம், கழுகு எல்லாம் அதில் சரியாகவே இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் கடைசி எண்ணைச் சுற்றித் தளத்தின் மினுக்கம் உடைகிறதா, உளி பட்ட தடம் உண்டா, எண்ணின் உயரமும் தடிமனும் மற்ற மூன்றோடு ஒக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்க்கும் முறையையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 90 விழுக்காடு வெள்ளியின் அடர்த்தி 10.3. எனவே தராசின் மேல் வைத்த நீர்க்கிண்ணத்தில் 5.00 கிராம் நாணயம் மூழ்கித் தொங்கும்போது தராசில் 0.485 கிராம் ஏற வேண்டும். 0.01 கிராம் தராசு இதை 0.48 என்றோ 0.49 என்றோதான் காட்டும், கணக்கில் அது 10.4-க்கும் 10.2-க்கும் இடையே ஆடும். செம்பு-நிக்கலைப் பிடிக்க (0.56 காட்டும்) இது போதும். 90-ஐயும் 92.5-ஐயும் பிரிக்க 0.001 தராசு வேண்டும். அதைவிட முக்கியம், தொங்கவிடும் நூல் ப்ரூஃப் தளத்தில் உரசினால் கோடு விழும். எடையும் ஓரமும் உருவமும் ஒத்துப்போன ப்ரூஃபை நீரில் இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான்காவது: திருநீறு பட்ட 1878

கடைசியாக வந்த 1878 உண்மையான நாணயம். 4.97 கிராம், சதுர விளிம்பு, இடுக்குகளிலும் மினுக்கம், நட்சத்திரங்கள் எல்லாம் முழுசாக. வாங்கும்போது தளம் முழுக்க சாம்பல் நிறப் படலம். தரநிர்ணயத்துக்கு அனுப்ப உதவிய கடைக்கார இளைஞர் பல்பின் கீழே பிடித்துப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: “சார், இதத் தொடச்சீங்களா?”

“தொடைக்கல தம்பி, கொஞ்சம் திருநீறு போட்டு வெளக்குனேன். வீட்டுல குங்குமச் சிமிழுக்கே அதானே போடுறோம்.”

பதிலில் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளிச் சாமான் கறுத்தால் திருநீறு போட்டு விரலால் வட்டமாகத் தேய்ப்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம், சிமிழுக்கும் தட்டுக்கும் அது நல்ல வழிதான். சாம்பலின் நுண்துகள் கறுப்பையும் எடுக்கும், அடியிலுள்ள வெள்ளியையும் மெல்லச் சீவும். சிமிழில் அது தெரியாது. கண்ணாடித் தளத்தில் ஒவ்வொரு துகளும் ஒரு கோடு.

பல்பின் கீழே அந்தத் தளம் எப்படித் தெரிந்தது என்றால், ஒளிப்புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்டவட்டமாக நூற்றுக்கணக்கான மயிரிழைகள். நாணயத்தைச் சுழற்றினால் வலையும் ஒளியோடு கூடவே நகர்ந்தது. கோடு என்றதும் பயப்படத் தேவையில்லை, ப்ரூஃபில் அச்சை மெருகிட்டபோது விழுந்த கோடுகளும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது எளிது. அச்சுக்கோடு நாணயத்தில் மேடாக இருக்கும், தளத்தில் மட்டும் ஓடி உருவத்தின் ஓரத்தில் நின்றுவிடும். துடைத்த கோடு பள்ளமாக இருக்கும், தளத்தில் தொடங்கி லிபர்ட்டியின் முழங்கால் மேலேயும் ஏறி மறுபக்கம் இறங்கும். இங்கே தெரிந்தவை முழங்காலில் ஏறிய கோடுகள்.

இதைத் திருத்த வழியில்லை. வெள்ளிச் சாமான் கழுவும் அமிலத் திரவம் கறுப்பைக் கரைக்குமே தவிர, சீவிப்போன உலோகத்தைத் திருப்பித் தராது. மேலே மிச்சமிருந்த படலமும் போய்க் கோடுகள் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒன்றும் செய்யாமல் அனுப்பியிருந்தால் இந்த நாணயம் 1876-ஐவிட உயர்ந்த எண்ணே வாங்கியிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. அந்தச் சாம்பல் படலம் அழுக்கில்லை, மேற்பரப்புக்குக் கவசமாக இருந்தது.

பாதுகாப்பு

கேமரா லென்ஸுக்கு இங்கே பலரும் வைத்திருக்கும் உலர்பெட்டியே போதும், ஈரப்பதம் 40 முதல் 45 விழுக்காட்டில் நிறுத்த வேண்டும். ஸ்லாப் காற்றுப்புகாதது என்று நினைப்பது தவறு, காற்று புகும். சிலிக்கா ஜெல் பயன்படுத்தினால் நிறம் மாறியதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மீண்டும் போடலாம். ரப்பர் பேண்டிலும் சில மரப்பெட்டிகளின் பசையிலும் கந்தகமும் அமிலமும் உண்டு. பணப்பெட்டி என்பதால் பூசையறையில் வைப்பவர்கள் உண்டு. ஊதுபத்திப் புகையும் சாம்பிராணியும் தினமும் படியும் இடம் அது. நாணயத்தை அங்கே வைக்க வேண்டாம்.

தொகுப்பின் இன்றைய நிலை: 1876-உம் 1877-உம் உலர்பெட்டியில் இருக்கின்றன. எம்.எஸ். 62 ஆன 1875 சாதாரண அச்சுக்குரிய விலைக்கு விற்கப்பட்டது, அந்த இடம் இப்போது காலி. அடுத்து வரும் 1875-க்கு விலை பேசுமுன் பின்பக்க மினுக்கத்தையும் கேடயப் பட்டைகளுக்கு இடையே உள்ள இடத்தையும் பார்ப்பதாக ஆசிரியர் குறித்து வைத்திருக்கிறார். 1878-ஐ மாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. ‘துலக்கப்பட்டது’ என்ற சீட்டோடே அதற்கும் பெட்டியில் ஓர் இடம் கொடுத்திருக்கிறார். பூசையறை வெள்ளிச் சாமான்களுக்கு மட்டும் வழக்கம்போல் திருநீறுதான்.